நிக்கிறன், வாங்கோ

கடலால் வந்தவனுக்குக் கடலைத் தூர்க்கிற வேலை கிடைத்தது. இதைச் சொல்லிச் சிரிக்க சூசைதாசனுக்கு ஆள் அகப்படவில்லை. மனைவி அருள்நாயகியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். "வேலை கிடைச்சதே பெரிய விசயம், அதுக்குள்ள பகிடி வேற" என்று அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

வேலைத்தலம் சிட்னிக்குத் தெற்கே, பெலிக்கன் முனை என்ற இடத்தில். கடல் வற்றும்போது கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். பெருகும்போது அத்தனையும் தண்ணீர். கரையோரமாக ஒரே ஒரு தெரு, அதில் வெயிலிலும் உப்பிலும் வெளிறிப்போன பலகை வீடுகள். அங்கே இருந்தது பூர்வகுடிச் சனம். மற்ற எல்லாரும் கப்பலேறி வருவதற்கு முந்தியே அந்தச் சேற்றில் மட்டி பொறுக்கித் தின்றவர்கள். வாசலில் நின்றால் கடல் தெரியும் என்பதைத் தவிர அந்த வீடுகளில் வேறு வசதி கிடையாது. இப்போது அதையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சேற்றைச் சுற்றிக் கருங்கல் அணை போட்டு, உள்ளே மண்ணைக் கொட்டி நிரப்பி, மேலே படகுத்துறையும் அடுக்குமாடியும் வருமாம். வேலியில் பெரிய படம் மாட்டியிருந்தார்கள். படத்தில் வெள்ளைக் காற்சட்டை போட்ட ஒருத்தி நாயோடு உலாவிக்கொண்டிருந்தாள். பின்னால் இருந்த பலகை வீடுகள் அந்தப் படத்தில் இல்லை.

சூசைதாசனுக்கு அங்கே ஸ்பொட்டர் வேலை. மண் ஏற்றிய ட்ரக் பின்பக்கமாக வரும். பின்னுக்கு ஆள் இல்லை என்று பார்த்து அவன் கையைக் காட்ட வேண்டும். கை மேலே நின்றால் ட்ரக் நிற்கும். கை இறங்கினால் மண் விழும். முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான்: பின்னால் ஆள் இல்லை என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் கையை இறக்காதே. ஒரு கையை வைத்துச் சாப்பிடுகிற சீவியம் என்று அவன் தன்னையே நக்கலடித்துக்கொள்வான்.

அந்தக் கையில்தான் வீடு தொங்கியது. படகில் வந்து பத்து வருடங்களுக்கு மேலாகியும் அவனுக்குத் தற்காலிக விசாதான். அடுத்த மாதம் மேல்முறையீட்டு விசாரணை. அதில் வந்து, 'இவன் ஒழுங்காக வேலை செய்கிறவன்' என்று சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தார் வரதராஜா, அவனைப் போன்றவர்களை வேலைத்தலங்களுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரர். விசா சரிவந்தால் மகள் லிண்டா மற்றப் பிள்ளைகளைப் போல யூனிவேர்சிட்டிக்குப் போவாள். சரிவராவிட்டால் வெஸ்ட்மீட்டில் கடையொன்றில் காசு வாங்குகிற ரில்லுக்குப் பின்னால் நிற்பாள். இதைவிட விளக்கமாக அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசினால் சண்டையில் முடியும்.

வேலிக்கு வெளியே தினமும் ஒரு பால்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு நோரீன் அன்ரி உட்கார்ந்திருப்பார். தெருவில் மூத்தவர் அவர்தான். தெருவே அவரை அன்ரி என்றதால் சூசைதாசனும் அன்ரி என்றான். சிட்னியில் தமிழரில்லாத ஒருவரை அன்ரி என்று கூப்பிடுவது அவனுக்கு நாக்குக்கு இதமாக இருந்தது. அவர் பேசுகிற ஆங்கிலம் அவன் மண்டைக்குள் என்னவோ அவனுடைய ஊர் மன்னார்த் தமிழாகத்தான் இறங்கும்.

"இண்டைக்கு எவ்வளவு கடலை விழுங்கினியள்?" என்பார், காலை வணக்கத்துக்குப் பதிலாக.

"நான் கையை மட்டும்தான் காட்டுறன் அன்ரி."

"ஓம், எல்லாரும் அதைத்தான் சொல்லுறியள்."

*

அணையை மூடுகிற நாள் வந்தது. அதுவரை அணையில், தெருவோடு ஒட்டிய ஓரத்தில், ஒரு வாய் விட்டிருந்தார்கள். அதற்குள்ளால்தான் கடல் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. வற்று நேரம் பார்த்து அந்த வாயைக் கல்லும் மண்ணும் கொட்டி அடைக்க வேண்டும் என்று மேற்பார்வையாளன் கிரேக் ஒற்றைக் காலில் நின்றான்.

யூலை மாதம், அங்கே குளிர்காலம். விடிந்து வெகுநேரமாகியும் பனிப்புகார் விலகவில்லை. சூசைதாசன் அணையின் வாயருகே நின்றான். காலுக்குக் கீழே கல் தெரிந்தது. கல்லுக்கு அங்கால் ஒன்றும் தெரியவில்லை. அழுகிய பாசியும் உப்பும் கலந்த சேற்று வாடை மட்டும் மூக்கில் ஏறியது. அது ஊர் வாடை. அதனாலேயே அவன் கொஞ்சம் அசந்து நின்றான் என்று சொல்லலாம்.

அப்போதுதான் கேட்டது.

முதலில் வாளிச் சத்தம். தகர வாளியின் கைப்பிடி ஆடுகிற சத்தம். பிறகு சேற்றிலிருந்து காலைப் பிடுங்குகிற சத்தம், ஒன்று அல்ல, பல கால்கள். ஒரு பெண்ணின் சிரிப்பு. யாரோ யாரையோ அதட்டுகிற மாதிரி ஒரு பேச்சு.

பிறகு, நீளமாக, புகாருக்குள்ளிருந்து:

"ஊ...!"

சூசைதாசனின் ஊரில் மட்டி பொறுக்கப் போகிறவர்கள் வற்றோடு இறங்கி நெடுந்தூரம் போய்விடுவார்கள். பெருக்குத் திரும்ப முன்னம் கரையேற வேண்டும். புகாரோ மழையோ கவிந்துவிட்டால் கரை எந்தப் பக்கம் என்றே தெரியாது. அதற்காக ஏறுகிற வழியில் எப்போதும் ஒரு ஆள் நிற்க வேண்டும். உள்ளேயிருந்து அவர்கள் 'ஊ' என்பார்கள். நிற்கிற ஆள் 'நிக்கிறன், வாங்கோ' என்று குரல் கொடுப்பார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே சனம் ஏறி வரும். பதில் சொன்ன ஆள் கடைசி ஆள் ஏறும்வரை அசையக் கூடாது. சோற்றுக்குக் கூப்பிட்டாலும் அசையக் கூடாது, கோயில் மணி அடித்தாலும் அசையக் கூடாது.

சூசைதாசன் எத்தனையோ நாள் அப்படி நின்றிருக்கிறான். எப்போதும் கடைசி ஆள் அவனுடைய தம்பி மரியசீலன்தான். "ஏறடா எருமை, பெருக்கு வருது" என்று இவன் கத்த, "நான் இன்னும் கிடக்கிறன் அண்ணை" என்று சேற்றுக்குள்ளிருந்து சிரிப்பான். சூசைதாசனுக்குப் பிறகு சீலனும் படகேறினான். அந்தப் படகு எந்தக் கரைக்கும் வந்து சேரவில்லை. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரி கொளுத்த ஒரு மண்மேடுகூட இல்லை.

ஆகவே அந்தச் சத்தம் கேட்டபோது அவனுடைய மூளை வேலை செய்ய முதல் வாய் வேலை செய்துவிட்டது. இரண்டு கையையும் வாயருகே குவித்து, மன்னார்க் கரையில் நிற்கிற அதே குரலில் கத்தினான்.

"நிக்கிறன், வாங்கோ!"

சேற்றில் அத்தனை கால்களும் ஒரே நேரத்தில் நின்றன.

பிறகு, எல்லாமாக, அவனை நோக்கித் திரும்பி நடக்கத் தொடங்கின.

அந்த நேரம் பார்த்து ட்ரக் பீப் பீப் என்று பின்னால் வந்தது. சூசைதாசன் கையை உயர்த்தினான். ட்ரக் நின்றது. அதன் பின்னால் மற்ற ட்ரக்குகள் வரிசையாக நின்றன.

"என்ன பிரச்சினை?" என்று வோக்கிடோக்கியில் கிரேக் கத்தினான்.

"உள்ளே ஆட்கள் நிற்கிறார்கள்."

கிரேக் வந்தான். அணையில் ஏறி நின்று பார்த்தான், கூப்பிட்டான், பெரிய விளக்கை அடித்தான். உள்ளே போகிற வழியெல்லாம் எப்போதோ பூட்டியாயிற்று. சேற்றில் ஒரு கொக்கு மட்டும் நின்றது. வெள்ளைக்காரனின் முகம் சிவந்து, அவன் சொன்ன சொற்களை இங்கே எழுத முடியாது. சற்று நேரத்தில் சூசைதாசனின் போன் அடித்தது.

"சூசை, என்ன விளையாட்டுக் காட்டுறாய்?" வரதராஜா மூச்சு வாங்கினார். "அவன் எனக்கு அடிச்சுக் கத்துறான்."

"உள்ளுக்கு ஆக்கள் நிக்கினம் அண்ணை."

"கண்ணால கண்டனியோ?"

"கேட்டனான்."

"கேட்டதுக்கெல்லாம் வேலையை நிப்பாட்ட முடியுமே? அடுத்த மாதம் நான் உனக்காகப் போய்ச் சொல்லவேணும். என்னத்தைச் சொல்ல? ஒழுங்கா வேலை செய்யிறவன் எண்டோ, இல்லாட்டிப் பேய்க்கதை சொல்லுறவன் எண்டோ? உன்ர பெட்டையை யோசி."

சூசைதாசன் லிண்டாவை யோசித்தான். புகாருக்குள் கால்கள் வெகு கிட்ட வந்துவிட்டன. இன்னும் ஒரு வீச்சுத் தூரம்தான். ஒரு குரல் மறுபடி எழும்பியது, இந்த முறை சந்தோசமாக, வழியைக் கண்டுபிடித்தவர்களின் குரலாக.

அவன் கையை இறக்கினான்.

மண் விழுந்தது.

குரல் பாதியில் நின்றது.

*

அடுத்த வாரம் முழுக்க உள்ளே மண் நிரப்பி ரோலரால் உருட்டினார்கள். தரை இறுகிக் கல் மாதிரி ஆனது. அந்த இறுகிய தரையில்தான் முதல் தடங்கள் வந்தன.

ஈரமான, வெறுங்கால் தடங்கள். நிரப்பிய நிலத்தின் நடுவிலிருந்து தொடங்கி, நேராக அணையின் அடைத்த வாய்வரை வந்து நின்றன. விரல்கள் கல்லை முட்டிக்கொண்டிருந்தன. திரும்பிப் போன தடம் ஒன்றும் இல்லை. கடற்கரையில் வளர்ந்தவனுக்குத் தடம் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டாம். அகன்ற பாதம் ஒன்று வயதான பெண், குதி ஆழப் பதிந்தது ஒன்று பாரம் தூக்கியவள், ஓரமாக இரண்டு குழந்தைகள்.

ரோலர் உருட்டி அழித்தது. அடுத்த வற்றுக்கு மறுபடி வந்தன.

"டிரெயினேஜ்," என்றான் கிரேக்.

"டிரெயினேஜ்தான்," என்றார் வெள்ளைத் தொப்பி போட்டு வந்த இஞ்சினியர்.

"கால்விரல் இருக்கே ஐயா?" என்று சூசைதாசன் ஒருக்கால் கேட்டுப் பார்த்தான். இஞ்சினியர் அவனுடைய தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்த இடத்தில் விளங்காத எல்லாவற்றுக்கும் டிரெயினேஜ் என்று பெயர். தண்ணீர் வடிய இரண்டு கான் வெட்டினார்கள். கானுக்குள் தண்ணீர் வரவில்லை. தடங்கள் கானைத் தாண்டி வந்தன.

வோக்கியிலும் தொடங்கியது. வற்று நேரம் வந்தால் இரைச்சலுக்கு நடுவே வாளிக் கைப்பிடி ஆடும். யாரோ மூச்சு வாங்குவார்கள். மற்றவர்கள் பற்றரி சரியில்லை என்று மாற்றினார்கள். சூசைதாசன் ஒலியைக் குறைத்துவிட்டு, மாலையானதும் முதல் ஆளாகக் காரை எடுத்துக்கொண்டு ஓடினான். ஓடினால் தொலைந்துவிடும் என்று நினைத்தான், மடையன்.

ஒருநாள் வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு நின்றவனை அருள்நாயகி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"சப்பாத்தை வெளியில கழட்டச் சொல்லி எத்தினை தரம் சொன்னனான்? கம்பளத்தைப் பாருங்கோ. வீட்டுக்காரன் வந்து பாத்தானெண்டால் நாங்கள் தெருவிலதான்."

"நான் வெளியிலதான் கழட்டினனான்."

"அப்ப இதென்ன, வானத்தால வந்ததோ?"

கம்பளத்தில் கறுத்த சேறு. வாசலிலிருந்து வந்து, படுக்கையறைக்குள் போய், கட்டிலில் அவன் படுக்கிற பக்கத்தில் நின்றிருந்தது. அருள்நாயகி சேற்றைத்தான் பார்த்தாள். அவன் விரல்களைப் பார்த்தான்.

லிண்டா ஒரு காதிலிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டு மூக்கைச் சுளித்தாள். "அப்பா, இட் ஸ்மெல்ஸ் லைக் லோ டைட் இன் ஹியர்." பிறகு மற்றக் காதிலிருந்ததையும் கழற்றினாள். "ஆரோ கூப்பிடினம் என்ன? கீழ் வீட்டிலயா?"

"இல்லை," என்றான் சூசைதாசன். "நீ பதில் சொல்லாதை."

"வை?"

"சொல்லாதை எண்டால் சொல்லாதை!"

அவன் வீட்டில் இப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. லிண்டா கதவைச் சாத்திக்கொண்டாள். அருள்நாயகி இரண்டு நாள் அவனோடு கதைக்கவில்லை.

*

மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரம் அவன் வேலிக்கு வெளியே போய் நோரீன் அன்ரிக்கு முன்னால் நின்றான். சுற்றி வளைக்கத் தெரியவில்லை.

"அன்ரி, உள்ளே இருந்து கூப்பிட்டார்கள். நான் பதில் சொல்லிவிட்டேன்."

அன்ரி வாயில் வைக்கப்போன சிகரட்டை இறக்கினார்.

"என்னெண்டு சொன்னனீ?"

"நிற்கிறேன், வாருங்கள் என்று."

"சொல்லிப்போட்டு?"

அவன் அணைப்பக்கம் திரும்பினான்.

"சொல்லிப்போட்டு வாயை அடைச்சிட்டாய்." அன்ரியின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். "அவை கூப்பிடுறது எங்களுக்கும் கேக்கிறதுதான். பிறந்த நாளிலயிருந்து கேக்கிறம். என்ர பெரியதாய்மார் இந்தச் சேத்தில இறங்கிற சனம். அம்மா கரையில நிக்கிறவ. நான் பிறக்க முதல் ஒருநாள் பொலிஸ் வந்து, இஞ்ச நிக்கக் கூடாதெண்டு அம்மாவைப் பிடிச்சு ஏத்திக்கொண்டு போட்டுது. அண்டைக்குப் புகார். உள்ள நிண்டவைக்குக் குரல் குடுக்க ஆளில்லை. அதுக்கு முந்தின மாதம்தான் கப்பல் போகவெண்டு நடுச்சேத்தைத் தோண்டி ஆழமாக்கியிருந்தாங்கள். எந்தப் பக்கத்தால பெருக்கு வந்ததெண்டே தெரியாமல் போட்டுது. ஒருத்தரும் கரையேறேல்லை."

"அப்படியென்றால் நீங்கள் ஏன் பதில் சொல்லவில்லை?"

"சொன்னால் நிக்கவேணும். கடைசி ஆள் ஏறுமட்டும் நிக்கவேணும். அம்மா நிண்ட இடத்தில முதல் பொலிஸ், பிறகு வேலி, இப்ப உங்கட கல்லு. நிக்க ஏலாதவள் எப்பிடி வா எண்டு கூப்பிடுறது? இவ்வளவு காலமும் ஒருத்தரும் அந்த மடத்தனத்தைச் செய்யேல்லை. நீ வந்தாய்."

சூசைதாசனுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "அணையைத் திறக்க என்னால் முடியாது அன்ரி. நான் யார்? கை காட்டுகிறவன்."

"கல்லைத் திறக்கச் சொல்லி ஆர் கேட்டது? அவைக்குக் கல்லு ஒரு காரியமில்லை, குரல்தான் வேணும். நிக்கிறன் எண்டு சொன்னது நீ. நிண்டனியோ?"

அவன் நிற்கவில்லை. ஒவ்வொரு மாலையும் காரை எடுத்துக்கொண்டு ஓடியிருந்தான்.

நிற்பதென்றால் வற்று முழுக்க அந்த வாயில் நிற்க வேண்டும். அந்த நேரம் முழுக்க ட்ரக் ஒன்றும் கொட்டக் கூடாது. வேலை முடிந்தபிறகு உள்ளே நிற்கவும் விடமாட்டார்கள். ஆக, வேலை நேரத்தில் கையைத் தூக்கியபடி நிற்க வேண்டும். வேலை போகும், வரதராஜாவின் வாக்குப் போகும், விசா போகும். சூசைதாசன் திரும்பி வந்து மிச்சச் சோற்றை வேலியடியில் நின்ற நாய்க்குக் கொட்டினான்.

*

அவன் முடிவெடுத்தான் என்று சொல்ல முடியாது. றிஷிதான் எடுக்க வைத்தான்.

றிஷி ட்ரக் ஓடுகிறவன். பருத்தித்துறைக் கரையில் பிறந்தவன், எந்த நேரமும் பாட்டுப் போட்டுக்கொண்டு திரிவான். அன்று பின்னேரம், மறுபடி புகார் இறங்கிக்கொண்டிருந்தபோது, அடைத்த வாயின் உட்புறத்தில் கடைசி அடுக்கு மண் கொட்ட அவன் பின்பக்கமாக வந்தான். சூசைதாசன் பின்னால் பார்த்தான். வெறுந்தரை. கையை இறக்கப் போனான்.

ட்ரக் தானாகவே குலுங்கி நின்றது. பாட்டு நின்றது.

"அண்ணை!" றிஷி கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான். "பின்னுக்கு ஆக்கள் நிக்கினம். ஏன் கையை இறக்கிறியள்?"

"எங்க?"

"கமெராவில பாருங்கோ."

சூசைதாசன் படியில் ஏறி எட்டிப் பார்த்தான். ட்ரக்கின் பின்பக்கத்தைக் காட்டுகிற சின்னத் திரை. அதில் அந்த வெறுந்தரை இருந்தது.

அதில் அவர்கள் நின்றார்கள்.

நெஞ்சுவரை நனைந்த உடுப்புகள். கைகளில் வாளிகள். தலைமுடியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒருத்தியின் இடுப்பில் குழந்தை.

எல்லாரும் அவன் நிற்கிற பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். அவர்கள் வழியில் நிற்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி, பொறுமையாக, நம்பிக்கையாகப் பார்த்தார்கள்.

சூசைதாசன் இறங்கினான். அணையின் மேல் ஏறினான். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தான். வலக்கையை உயர்த்தினான்.

"றிஷி, ட்ரக்கை நிப்பாட்டு. ஒருத்தரையும் கொட்ட விடாதை."

"எவ்வளவு நேரம் அண்ணை?"

"கடைசி ஆள் ஏறுமட்டும்."

கிரேக் வந்தான், கத்தினான், தொலைந்து போ என்றான். வரதராஜா போனில் முதலில் ஏசினார், பிறகு கெஞ்சினார், பிறகு "இனி எனக்கு அடியாதை" என்று வைத்துவிட்டார். சூசைதாசன் கையை இறக்கவில்லை. தோள் கழன்று விழப்போகிற மாதிரி வலித்தது. லிண்டாவின் முகம் வந்து வந்து போனது. அவன் கண்ணை மூடிக்கொண்டு குரல் கொடுத்தான்.

"நிக்கிறன், வாங்கோ! ஏறி வாங்கோ!"

புகாருக்குள்ளிருந்து "ஊ" என்று வந்தது.

பிறகு கல்லில் ஈரக்கால் வைக்கிற சத்தம்.

குளிர் ஒன்று அவனை உரசிக்கொண்டு போனது. ஒரு வாளி அவன் முழங்காலில் இடித்தது. ஈரக் கை ஒன்று பிடிமானத்துக்கு அவனுடைய தோளைப் பிடித்து, ஏறியதும் விட்டது. இன்னொன்று. இன்னொன்று. சின்னக் கை ஒன்று அவனுடைய காற்சட்டையைப் பற்றிக்கொண்டு ஏறியது. அவன் கண்ணைத் திறக்கவில்லை. பின்னால் தெருவில் நாய்கள் குரைத்து, பிறகு ஒவ்வொன்றாக அடங்கின. வீடுகளின் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது. யாரோ ஒரு கிழவர் விக்கி விக்கி அழுதார்.

கடைசியில் சத்தம் ஓய்ந்தது. ஊர் வழக்கப்படி, விட்டுப் போக முதல் ஒருக்கால் கேட்க வேண்டும். அவன் கேட்டான்.

"எல்லாரும் ஏறியாச்சோ?"

பதில் வர முன்னம் பொலிஸ் வந்துவிட்டது. இரண்டு பேர் அவனை அணையிலிருந்து இறக்கி, கையைப் பின்னால் மடக்கி வேலிக்கு வெளியே நடத்திக்கொண்டு போனார்கள். சேற்றில் இன்னும் ஒரு சோடிக் கால் நடப்பது அவனுக்குக் கேட்டது. "கொஞ்சம் பொறுங்கள், ஒரு ஆள் மிச்சம்" என்று அவன் ஆங்கிலத்தில் கெஞ்சினான். அவர்கள் அவனுடைய வாயை முகர்ந்து பார்த்தார்கள்.

வேலியருகே நோரீன் அன்ரி எழும்பி நின்றார். முகமெல்லாம் கண்ணீர்.

"எங்கட ஆக்கள் எல்லாரும் வந்தாச்சு," என்றார்.

"இன்னும் ஒரு ஆள் நிற்குது அன்ரி."

"ஓம், கேக்குது." அன்ரி அவனுடைய முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அது எங்கட ஆள் இல்லை. அது கதைக்கிற பாசை எனக்குத் தெரியாது."

*

வழக்கு ஒன்றும் போடவில்லை. இனி அந்தத் தெருப்பக்கம் தலை காட்டினால் போடுவோம் என்று எச்சரித்து விட்டார்கள். தற்காலிக விசாவில் இருக்கிறவனைக் கெடுக்க அது போதும். வரதராஜா போனை எடுக்கவில்லை. விசாரணைக்கு இன்னும் சில நாட்கள்தான். வக்கீலம்மா, நாகலட்சுமி என்று நல்ல மனுசி, "ஏன் அங்கிள் இப்படிச் செஞ்சீங்க? ஒரு காரணமாவது சொல்லுங்க" என்று தலையில் கைவைத்தாள். அவன் என்னத்தைச் சொல்ல? டிரெயினேஜ் என்று சொன்னான்.

கம்பளம் காய்ந்துவிட்டது. வீட்டில் சேற்று வாடை இல்லை. அருள்நாயகி மறுபடி கதைக்கத் தொடங்கியிருந்தாள். அவன் கதிரையில் உட்கார்ந்து கடற்கரை வற்றுப்பெருக்கு நேரத்தைப் போனில் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

ஒரு மத்தியானம், நல்ல வெயில், றிஷியின் அழைப்பு வந்தது.

"அண்ணை, என்னை ட்ரக்கால இறக்கிப்போட்டாங்கள். உங்கட வேலைதான் எனக்கு இப்ப. கை காட்டுறன்." அவன் சிரிக்க முயன்றான். "இண்டைக்கு அந்த வாயில கொங்கிரீட் ஊத்தப்போறாங்கள். இதோட முடிஞ்சுது. ஆனா அண்ணை, காலமை ஒண்டு கண்டனான்."

"என்ன?"

"தடம். எல்லாம் இல்லாமப் போனதுதானே, இப்ப ஒரே ஒரு ஆளின்ர. ஆம்பிளைக் கால். கல்லடியில வந்து நிக்குது. இடக்காலில சுண்டுவிரல் இல்லை அண்ணை."

சூசைதாசன் எழும்பினான். கதிரை பின்னால் விழுந்தது. பதின்மூன்று வயதில் சீலனின் இடக்கால் சுண்டுவிரலை வள்ளத்து இஞ்சின் கொண்டுபோனது. அன்று அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் சூசைதாசன். இதை அவன் இந்த நாட்டில் யாருக்கும் சொன்னதில்லை.

"றிஷி, இப்ப அங்க வற்றோ?"

"ஓம். அண்ணை, இன்னொண்டு. இப்ப உள்ளுக்கிருந்து ஆரோ கூப்பிட்டது. தமிழில. சூசை அண்ணை எண்டு உங்கட பேரைச் சொல்லி. நீங்கள்தான் எங்கேயோ ஒளிச்சு நிண்டு பகிடி விடுறியளெண்டு நினைச்சன்." றிஷியின் மூச்சு போனில் அடித்தது. "அதால நான், ஓம், நிக்கிறன், வா எண்டு சொல்லிப்போட்டன்."

பின்னால் கொங்கிரீட் வண்டி பீப் பீப் என்றது. கிரேக் கத்துவது தெளிவாகக் கேட்டது.

"அவன் கத்துறான் அண்ணை. கையை இறக்கட்டோ?"

சூசைதாசன் வாயைத் திறக்க முதல், றிஷியின் குரலுக்குப் பின்னால் வெகுதூரத்திலிருந்து இன்னொரு குரல் சிரித்தபடி முந்திக்கொண்டது.

"நான் இன்னும் கிடக்கிறன் அண்ணை."